தீர விசாரிக்க ஓர் ஆள் வேண்டும்

(கோவை வட்டாரக் கல்லூரி ஒன்றின் சமூகப்பணித் துறை விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, மாவட்ட சமூகநல அலுவலர் அவர்களே, அரசு மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர் அவர்களே, துறைத்தலைவர் உள்ளிட்ட பேராசிரியப் பெருமக்களே, மாணவக் கண்மணிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தாளாளர் ஐயா வீட்டில் இன்று பேரனுக்குக் காதுகுத்து. ஒறம்பரையெல்லாம் வந்திருக்கும் நேரத்தில், ‘பிள்ளைகள் காத்திருப்பார்கள்’ என்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெரிய மனதுக்கு என் வணக்கம். நிலைய மருத்துவ அலுவலர் இரவுப் பணியை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். சமூகநல அலுவலர் அம்மா திருப்பூரில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு, அவிநாசி சாலை நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறார்கள். சத்தியமங்கலத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த பழைய மாணவர்களையும் பின்வரிசையில் பார்க்கிறேன். பொன்னாடைக்குப் பதிலாகச் சென்னிமலைத் துண்டு போர்த்தினீர்களே, அதற்குத் தனி நன்றி. தறி ஓட்டுகிற ஒரு குடும்பத்துக்கு அது கூலி.

எனக்குத் தந்த தலைப்பு ‘சமூகப்பணியில் முடிவெடுத்தலும் அறமும்’. மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஒன்று, நம்மிடம் வருகிறவர் தம் உடம்பையும் வாழ்வையும் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை. இரண்டு, அவர் நம்மிடம் சொன்ன இரகசியத்தை எதுவரை காப்பது. மூன்று, சம்பளம் கொடுப்பவர் ஒருவர், நம்பி வருகிறவர் இன்னொருவர் என்னும்போது யார் பக்கம் நிற்பது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே பழமொழி. என்னிடம் படித்தவர்களுக்கு அது மனப்பாடம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

மருத்துவமனையில் தீர விசாரிப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்பதை உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டது. 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை அந்த வேலைக்கு வைத்தார்கள். 1905-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ரிச்சர்ட் கேபட், வீட்டு நிலைமை தெரியாமல் மருந்து எழுதிப் பயனில்லை என்று கண்டு, தம் மருத்துவமனையில் சமூகப்பணியாளரை நியமித்தார். நம் நாட்டில் 1946-லேயே பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் தொடங்கியாயிற்று.

இனி ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். அவர் நம்பிச் சொன்னது மேடைக்கு வருவதென்றால் அப்படித்தான் வரவேண்டும். காங்கயம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டியவர், மாடு வளர்த்த கை. இடது காலில் சர்க்கரைப் புண். பெருவிரல் கறுத்துப்போய், கட்டைப் பிரிக்கும்போதே பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு விரலை எடுத்தால் காலைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியவர் வாயில் ஒரே பேச்சு: “வேண்டாமுங்க. ஊட்டுக்கு உட்டுருங்க.”

மகன் கெஞ்சினார். மருமகள் அழுதார். கடைசியில் மகனே சலித்துப்போய், “எங்கய்யன் புடிச்ச மொசலுக்கு மூணே காலுங்க” என்று சொல்லி, சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்கப் பேனா கேட்டுவிட்டார். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி குறிப்பேட்டில் எழுதினார்: ‘நோயின் தீவிரம் நோயாளிக்குப் புரியவில்லை. முடிவெடுக்கும் திறன் ஐயத்துக்குரியது.’ கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அந்தப் பெண் எழுதியிருந்தார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரு வார்டு முழுவதற்கும் அவருக்குக் கிடைத்தது அரைமணி நேரம்.

மாலையில், பார்க்க வந்த கூட்டம் கலைந்த பிறகு, போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். காலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “ஏனுங்க, எத்தன உருப்படி வெச்சிருக்கறீங்க?” என்றேன். மாட்டைக் கேட்டதும் படுத்திருந்த மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மயிலைக்காளை ஒன்று, பசு இரண்டு, ஒரு கன்று. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்தது, கிளுவை வேலியை ஆடு மேய்ந்தது, எல்லாம் சொன்னார். கன்றைப் பேத்திதான் பிடித்துக் கட்டுமாம். “இப்பக் கட்டறதில்லீங்க. நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது. நெஞ்சுல ஓட்டையின்னு சொல்லீட்டாங்க. கோயமுத்தூர்ல ஆப்ரேசனுக்குத் தேதி குடுத்திருக்காங்க.” கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “காப்பீட்டுக் கார்டு ஊட்டுக்கு ஒண்ணுதானுங்களே. ஒருக்காப் போட்டாத் தீந்துருமாமா, டீக்கடைல சொன்னாங்க. அத என்ற வெரலுக்குப் போட்டுட்டா, புள்ள நெஞ்சுக்கு எங்கீங்க போறது?”

இந்தக் கவலை மகனுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. சொன்னால் குழந்தையின் காதுக்குப் போகும் என்று மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறார். காப்பீட்டு மேசையில் இருந்த தம்பியைக் கையோடு கூட்டிவந்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, தாத்தாவுக்கு ஆனது போக மிச்சம் பேத்திக்கு அப்படியே நிற்கும் என்று அந்தத் தம்பி ஒரு துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டு, “அப்பறம் என்னத்துக்குங்க காத்துட்டு? நாளைக்கே எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

யாருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று எழுதினோமோ, அந்த வீட்டிலேயே அதிகம் யோசித்தவர் அவர்தான். அவருக்குக் குறைவாக இருந்தது சரியான தகவல் மட்டுமே. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 4-ஆம் பிரிவை எல்லோரும் ஒருமுறை படியுங்கள். ஒருவர் எடுத்த முடிவு மற்றவர் கண்ணுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகிவிடாது என்று அங்கே எழுதியிருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்கே அந்த உரிமை உண்டென்றால், விரல் புண்ணோடு வந்தவருக்கு இல்லையா? எல்லாம் விளங்கிய பிறகும் அவர் வேண்டாம் என்றிருந்தால், அதை ஏற்றுக்கொண்டு, வீட்டில் வலி குறைய வழி பார்ப்பதும் நம் வேலைதான்.

இரண்டாவது, இரகசியம். பதினெட்டு நிரம்பாத பெண் கர்ப்பமாக வருகிறாள், ‘யாருக்கும் சொல்லாதீங்க’ என்கிறாள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. அந்தப் பயத்தில் பெண்கள் போலி வைத்தியரிடம் போய்விடக் கூடாதே என்றுதான், 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் தகவலில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. ஆகவே காக்க முடியாத இரகசியத்தைக் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அவள் வாய் திறக்கும் முன்பே எல்லையைச் சொல்லிவிடுங்கள். எந்தச் சூழலில் அவள் வந்தாள் என்று அறியாமல் படிவத்தை நிரப்பாதீர்கள். தீர விசாரிப்பதே மெய்.

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். இந்த மண்ணில் மில் விடுதிகள் நிறைய. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில், தொழிலாளர் நலனைப் பார்க்க நலவாழ்வு அலுவலர் கட்டாயம் என்றது. பஞ்சு நூற்கிற இடத்துக்கே அப்படி ஒருவர் வேண்டும் என்று அன்றைக்கே சட்டம் போட்டார்கள். அதே ஆலையிலிருந்து காய்ச்சலோடும் கண்ணீரோடும் வருகிற பெண் படுக்கிற தாலுகா ஆஸ்பத்திரிக்கு? அங்கே அவள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்பது யார் வேலை? டாக்டருக்கு வரிசை நிற்கிறது, நர்சுக்கு ஊசி மருந்து பார்க்கவே நேரமில்லை. ஆலையிடம் சம்பளம் வாங்கும் நலவாழ்வு அலுவலர் யார் பக்கம் நிற்பது என்பதை விரித்துச் சொல்ல நேரம் போதாது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் என் கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் நிரந்தர மருத்துவ சமூகப்பணியாளர் பணியிடம் ஒன்று வேண்டும். காலமுறைச் சம்பளத்தோடு, வேறு எழுத்து வேலை எதையும் தலையில் கட்டாத பணியிடம். 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ சமூகப்பணியாளரையும் மனநல சமூகப்பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொழிலுக்குச் சட்டம் பெயர் கொடுத்துவிட்டது, அரசு நாற்காலி கொடுக்கவேண்டும். நிலைய மருத்துவ அலுவலர் அவர்களையும் சமூகநல அலுவலர் அம்மாவையும் மேடையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன். தாங்கள் இருவரும் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால், நாங்கள் எழுதும் பத்து மனுவுக்குச் சமம்.

அரங்க வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். பெயரோடு உங்கள் தாலுகாவையும் மறக்காமல் எழுதுங்கள், தாலுகாவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்போகிறோம். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் நேரில் கொடுக்கிறோம். வரக்கூடியவர்கள் காலை ஒன்பதரைக்கெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.