முதுமையை இளமையாக்குவது இயக்கமே!

நடுவர் அவர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, வணக்கம். "முதுமையில் மனதை இளமையாக வைப்பது ஓய்வா, இயக்கமா?" என்பது தலைப்பு. இயக்கமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, "அறுபது வருஷம் ஓடிய உடம்பு, இனியாவது சாய்வு நாற்காலியில் உட்காரட்டுமே" என்றார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாசம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்கிறார். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு, மடலை விரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளன் என்ற வேகாத நரம்பை உருவிப் போடுகிறார். பக்கத்தில் பேத்தி. ஊர்க்கதையும் ஓடுகிறது. அப்போது மகன் வந்து, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? போய்ப் படு" என்று முறத்தை வாங்கி வைத்துவிடுகிறார். அன்றோடு தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் போயிற்று. பேத்தியோடு பேச்சும் போயிற்று. இந்த வீட்டுக்கு நான் வேண்டும் என்ற மிடுக்கு இருந்ததே, அதுவும் போயிற்று. அப்புறம், "அம்மா முன்ன மாதிரி இல்லை" என்று நாமே வருத்தப்படுகிறோம்!

வயதானவர்கள் படுத்தே கிடந்தால் கால் தசை சில நாட்களிலேயே கரையத் தொடங்கும். தசை போனால் தடுமாற்றம், தடுமாறினால் விழுவது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், 65 வயதைத் தாண்டியவர்களும் முடிந்தவரை வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது.

சரி, "உடம்பு ஒத்துழைக்க வேண்டாமா?" என்று ஐயா கேட்டார். மதுரைக்கு வாருங்கள். கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவம் படிக்கப் போனவர் அதை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஆயிரமாயிரம் பேருக்குக் கண்புரை எடுத்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். சாய்வு நாற்காலிக்கு அவரைவிடத் தகுதியான ஆள் யார்? அவரோ 1976-இல் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை அதுதான். ஓய்வு பெற்ற பிறகு செய்த வேலை ஐயா அது!

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயி பாப்பம்மாள் பாட்டி. 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 105 என்றார்கள். அப்போதும் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

எதிரணியின் வலுவான வாதத்துக்கும் பதில் சொல்கிறேன். "எழுபது வயதில் ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்கும் பெரியவரிடம் போய் இயக்கம்தான் இளமை என்பீர்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது போதுமான பென்ஷனும் நிம்மதியான தூக்கமும். வயிற்றுக்காகக் கண் விழிப்பது கட்டாயம். அதை இயக்கம் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? காலையில் விருப்பப்பட்டு நடக்கப் போவதும், எழுபதில் வீணை கற்க உட்காருவதும், தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் எங்கள் கட்சி. களைத்தால் படுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? எழுந்ததும் செய்வதற்கு ஒன்று இருக்க வேண்டும் என்கிறோம்.

அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரியிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், "உங்களுக்கு ஓய்வு வேண்டுமா?" என்று என்றைக்காவது கேட்டீர்களா, அல்லது நீங்களாகவே முடிவு செய்தீர்களா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.