கேஸ் வருது, ஹீட்டர் ஏன் ஓடல? பனிப்புயல்ல பல நாள் கரண்ட் போனா என்ன செய்யணும்

[திரையில்: பனி மூடிய தெரு, நடுவுல ஒரு ரயில் எஞ்சின்]

1998 ஜனவரியில கனடாவுல ஒரு ரயில் எஞ்சின் தண்டவாளத்தை விட்டு இறங்கி, தார் ரோட்டுல போச்சு. விபத்து இல்லைங்க, வேணும்னே இறக்கினாங்க. மான்ட்ரியலுக்கு எதிர்க்கரையில பூஷர்வில்னு ஒரு ஊர். அங்க நகராட்சிக் கட்டடத்துக்குக் கரண்ட் கொடுக்கத்தான் அந்த எஞ்சினைக் கொண்டு வந்தாங்க. இரும்புச் சக்கரம் தாரைக் கீறிக்கிட்டே போய், கட்டடத்து வாசல்கிட்ட நின்னுச்சு.

ரயில் எஞ்சின்ல இருந்து கட்டடத்துக்கு எப்படி கரண்ட்? டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரா சுத்துறது இல்ல. அது ஒரு ஆல்டர்னேட்டரைச் சுத்தும். அதுல வர்ற கரண்ட்தான் சக்கரத்துல இருக்கிற மோட்டாரை ஓட்டும். ஆக மொத்தம், அது ஓடுற பவர் ஹவுஸ். மோட்டாருக்குப் போற கரண்ட்டைக் கட்டடத்துக்குத் திருப்பிவிட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்ஜினியரிங் வேலை இது!

பின்னணியைச் சட்டுன்னு சொல்லிடறேன். ஜனவரி 5-ல இருந்து 10 வரைக்கும் உறைமழை. பட்ட இடத்துலயே ஐஸ் ஆகிற மழை. சில இடத்துல 100 மில்லிமீட்டர் வரைக்கும் பெய்ஞ்சது. 25 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிற ஒரு கம்பியைச் சுத்தி 25 மில்லிமீட்டர் ஐஸ் படிஞ்சா, மீட்டருக்கு மூணரை கிலோ கூடும். ரெண்டு டவருக்கு நடுவுல 300 மீட்டர்னா, ஒரே கம்பியில ஒரு டன். அப்படித்தான் ஆயிரம் இரும்பு டவர் வரைக்கும் மடங்கி விழுந்துச்சு. சில ஊர்களுக்கு ஒரு மாசத்துக்கு மேல கரண்ட் வரல. 2013 டிசம்பர்ல இதே மாதிரி ஐஸ் டொரன்டோவைப் பிடிச்சப்ப, சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருட்டாச்சு. டொரன்டோவுலயே நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற ஸ்கார்பரோ பகுதியில அடி பலம். கிறிஸ்துமஸ் தாண்டியும் கரண்ட்டுக்குக் காத்திருந்த வீடுகள் உண்டு.

சரி, ஒரு நகராட்சிக்கு ரயில் எஞ்சின் வேணும். உங்க வீட்டைச் சூடா வைக்க எவ்வளவு வேணும்? வீடு முழுக்கச் சூடான காத்து அனுப்புற கேஸ் ஹீட்டரைத்தான் ஃபர்னஸ்னு சொல்றோம். பெரும்பாலான கேஸ் ஃபர்னஸுக்கு, ஓடும்போது ஏறக்குறைய 600 வாட். ஒரு மிக்ஸிக்கு வேணும்கிற அளவுதான்! அந்த 600 வாட் இல்லாததாலதான் கேஸ் குழாய் நிறைய கேஸ் இருந்தும் வீடு உறையுது. இந்த வீடியோவுல நான் அதிக நேரம் பேசப்போறது இதைப் பத்தித்தான்.

[திரையில்: ஃபர்னஸ் கதவைத் திறந்த படம்]

சுவர்ல இருக்கிற தெர்மோஸ்டாட், அதாவது ரூம் சூட்டைப் பார்த்து ஃபர்னஸை ஆன் ஆஃப் பண்ற கருவி, சூடு கேட்டதும் முதல்ல ஒரு சின்ன ஃபேன் சுத்தி, புகை போற வழியைத் திறக்கும். காத்து இழுக்குதான்னு ஒரு பிரஷர் ஸ்விட்ச் பார்க்கும். அப்புறம் தீயைப் பத்த வைக்கிற இக்னைட்டர் செக்கச்செவேல்னு பழுக்கும். அதுக்குப் பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும். தீ பிடிச்சு கொஞ்ச நேரத்துல பெரிய புளோயர் ஓடி, சூடான காத்தை ரூமுக்கு அனுப்பும். இதுல ஒவ்வொரு படிக்கும் கரண்ட் வேணும். அதனால தீக்குச்சி கொளுத்தி ஃபர்னஸைப் பத்த வைக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். அதுக்கு அங்க வழியும் இல்ல.

2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒண்ணு இருந்தா ஃபர்னஸ், ஃபிரிட்ஜ், நாலு லைட், வைஃபை எல்லாம் சமாளிக்கலாம். மோட்டார் கிளம்புற நொடியில ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். அதனால ஃபர்னஸும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்துல கிளம்பாம பார்த்துக்கங்க. லோடு குறைவா இருந்தா, 4 லிட்டர் பெட்ரோல்ல ஏழெட்டு மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 12 லிட்டர்னு கணக்கு வச்சுக்கங்க.

இப்ப பலரும் தலையைப் பிய்ச்சுக்கிற இடம். ஜெனரேட்டர் ஓடுது, ஃபர்னஸ் கிளம்புது, தீ பிடிக்குது. சில நொடியில பொசுக்குன்னு அணைஞ்சிடுது. மறுபடி பத்துது, மறுபடி அணையுது. மூணு நாலு தடவை ஆனதும் லாக் ஆகிடுது. உடனே ‘ஃபர்னஸ் போச்சு’ன்னு முடிவு பண்ணிடறாங்க. ஃபர்னஸ் நல்லாத்தான் இருக்கும். தீ உண்மையிலேயே எரியுதான்னு பார்க்க அதுக்குள்ள ஒரு சின்னக் கம்பி இருக்கு. அந்தக் கம்பியில இருந்து தீ வழியா, சில மைக்ரோ ஆம்பியர் கரண்ட் எர்த்துக்குப் போகுதான்னு ஃபர்னஸோட கன்ட்ரோல் போர்டு கவனிக்கும். அது போய்ச் சேரணும்னா நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ ஒரு இடத்துல சேர்ந்திருக்கணும். உங்க வீட்டு மெயின் பேனல்ல சேர்ந்திருக்கு. சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பலதுல சேர்ந்திருக்காது. ஃபர்னஸை நேரா அதுல மாட்டினா, தீ எரிஞ்சாலும் போர்டுக்குத் தெரியாது. கேஸ் கசியுதோன்னு பயந்து வால்வை மூடிடும். அது செய்றதும் சரிதான்.

தீர்வு என்னன்னா, ஃபர்னஸ் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், அதாவது தெருக் கரண்ட்டுல இருந்து ஜெனரேட்டருக்கு மாத்துற ஸ்விட்ச். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிஷியன் வச்சு இலையுதிர் காலத்துலயே மாட்டிடுங்க. நியூட்ரலைத் துண்டிக்காத வகை ஸ்விட்ச்சா இருந்தா, வீட்டு பேனலோட தொடர்பு அப்படியே இருக்கும், இந்தச் சிக்கலும் வராது. ஜெனரேட்டர் வாங்கிற காசுல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கலேன்னா, அந்த ஜெனரேட்டரால பாதிப் பிரயோஜனம்தான்னு நான் உறுதியா சொல்வேன்.

ரெண்டு பக்கமும் முள்ளு வச்ச ஒயரைச் செஞ்சு, ஜெனரேட்டரைத் துணி காய வைக்கிற டிரையரோட பிளக் பாயிண்ட்ல சொருகுறவங்க இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம்! அந்தக் கரண்ட் தெருவுக்குத் திரும்பிப் போகும். கம்பத்துல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தும். உங்களுக்குக் கரண்ட் கொண்டுவரக் குளிர்ல ஏறி நிக்கிற லைன்மேன் உயிரை அது எடுத்திடும்.

[திரையில்: சிவப்பு எழுத்தில் — கார்பன் மோனாக்சைடு]

இந்த மாதிரி நாட்கள்ல குளிரோட சேர்த்து ஆளைக் கொல்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, மணம் இல்ல. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல ரத்தத்தோட ஒட்டிக்கும். ஜெனரேட்டர் வீட்டுல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, புகை வேற பக்கம் பார்த்து இருக்கணும். கராஜ் கதவைத் திறந்து வச்சு உள்ளே ஓட்டுறது பாதுகாப்பு இல்ல. பார்பிக்யூ கரி அடுப்பை உள்ளே கொண்டு வரவே கூடாது. சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி தெரியிற கரியும் வாயுவை விட்டுக்கிட்டே இருக்கும். கேஸ் அடுப்புல தீக்குச்சியால பத்த வைக்கிற வகை இருந்தா சமைக்கலாம், ஆனா அதை வச்சு வீட்டைச் சூடாக்கக் கூடாது. வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு வந்தா காய்ச்சல்னு படுக்காதீங்க. எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போய் அவசர உதவிக்கு 911 அடிங்க. பேட்டரியில ஓடுற அலாரம் படுக்கை ரூம்கிட்ட இருக்கா? வீடியோவை நிறுத்திட்டு இப்பவே அந்த டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, நான் காத்திருக்கேன்.

ஜெனரேட்டர் இல்லாதவங்க ஒரே ரூமுக்கு மாறுங்க. சின்ன ரூம், தெற்குப் பக்கம் ஜன்னல் இருந்தா நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூடு விடும். நாலு பேர்னா 400 வாட், அது வீணாப் போகாம பிடிச்சு வைக்கணும். கதவடியில துண்டு, ராத்திரி ஜன்னல்ல போர்வை, பிள்ளைகளுக்கு ரூமுக்குள்ளேயே கேம்பிங் கூடாரம். அபார்ட்மென்ட்ல மேல் மாடியில இருக்கிறவங்க, கரண்ட் போன உடனே குளியல் தொட்டியை நிரப்புங்க. பம்ப் நின்னா தண்ணி மேல ஏறாது.

ஃபிரிட்ஜ்: திறக்காம வச்சா 4 மணி நேரம். நிரம்பின ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி இருந்தா 24. சாப்பாட்டை வெளியே பனியில புதைக்கிறதை விட, பாட்டில்ல தண்ணி ஊத்தி வெளியே உறைய வச்சு அந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க.

அடுத்து தண்ணிக் குழாய். இங்க நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. உறைஞ்ச இடத்துல ஐஸ் விரிஞ்சுதான் குழாய் வெடிக்குதுன்னு நினைப்போம். பல சமயம் வெடிக்கிறது ஐஸ் இல்லாத இடத்துல! ஐஸ் அடைப்பு வளர வளர, அதுக்கும் மூடின தண்ணி டாப்புக்கும் நடுவுல மாட்டின தண்ணி நசுங்கும். போக வழி இல்லாத அந்த அழுத்தம்தான் குழாயைக் கிழிக்குது. டாப்பைக் கொஞ்சம் திறந்து மெல்லிசா ஒழுக விடச் சொல்றது அதுக்காகத்தான். வெளிச்சுவரை ஒட்டின சிங்க் அடியில இருக்கிற கதவையும் திறந்து வைங்க.

வீட்டுச் சூடு 5 டிகிரிக்குக் கீழே இறங்குது, நீங்களும் வேற இடத்துக்குக் கிளம்பறீங்கன்னா, குழாயைக் காலி பண்ணிட்டுப் போங்க. பேஸ்மென்ட்ல மீட்டர்கிட்ட இருக்கிற மெயின் வால்வை மூடுங்க. மேல் மாடியில எல்லா டாப்பையும், சூடு தண்ணி டாப் உட்பட, திறங்க. அப்புறம் பேஸ்மென்ட்ல லாண்டரி டாப்பைத் திறந்தா மிச்சம் வடிஞ்சிடும். டாய்லெட்டை ஃபிளஷ் பண்ணுங்க. ஒவ்வொரு சிங்க் வடிகாலுக்குள்ளயும் டாய்லெட் கிண்ணத்துலயும் ஒரு கப், 250 மில்லி, குழாய்களுக்குன்னு விக்கிற பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ஊத்துங்க. காருக்கு ஊத்துற பச்சை திரவம் விஷம், அது வேண்டாம். வாட்டர் ஹீட்டர் டேங்கையும் காலி பண்ணியிருந்தா, கேஸை மூடுங்க. கரண்ட் ஹீட்டர்னா பிரேக்கரை இறக்குங்க. ஆள் இல்லாத நேரத்துல கரண்ட் வந்தா, வெறும் டேங்க்ல காயில் எரிஞ்சிடும்.

[திரையில்: வீட்டுச் சுவரோடு ஏறும் சர்வீஸ் பைப்]

தெருவுக்கே கரண்ட் வந்தும் உங்க வீட்டுக்கு மட்டும் வரலையா? வெளியே போய் மீட்டருக்கு மேல இருக்கிற பைப்பை தள்ளி நின்னு பாருங்க. மரக்கிளை விழுந்து ஒயரை இழுத்தா, அந்தப் பைப்பும் சுவரை விட்டுப் பிய்ஞ்சு வந்திடும். டொரன்டோவுல ஒயர் மின்சாரக் கம்பெனியோடது, பைப் உங்களோடது. எலக்ட்ரிஷியன் சரி பண்ணி, பரிசோதனை முடிஞ்சாதான் இணைப்பாங்க. அதுக்கு இன்னும் சில நாள் போயிடும். அதனால முதல் நாளே பாருங்க, முதல் நாளே ஆளைக் கூப்பிடுங்க. ஒயர் தரையில கிடந்தா 10 மீட்டர் கிட்ட கூடப் போகாதீங்க.

கரண்ட் வந்த பத்து நிமிஷத்துல மறுபடி போறதும் நடக்கும். சாதாரண நாள்ல ஹீட்டர்கள் மாறி மாறி ஓடும். உறைஞ்ச தெருவுல எல்லா வீடும் ஒரே நொடியில கரண்ட் கேட்கும். கல்யாண வீட்டுல மொத்தக் கூட்டமும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தா என்ன ஆகுமோ, லைனுக்கு அதுதான் ஆகுது. மான்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணத்துல பெரும்பாலான வீடுகள் கரண்ட்லயே சூடாகிறதால, அங்க இந்தச் சிக்கல் ரொம்பப் பெரிசு. அதனால கரண்ட் இல்லாதப்பவே ஹீட்டர், அடுப்பு, டிரையர் பிரேக்கரை இறக்கிடுங்க. ஒரு லைட் மட்டும் ஆன்ல இருக்கட்டும். அது எரிஞ்சு கால் மணி நேரம் நிலையா நின்னா, ஹீட்டிங்கை முதல்ல போடுங்க, மத்ததை ஒவ்வொண்ணா. தண்ணி வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்து, வீடு முழுக்க நடந்து கசிவு பார்த்த பிறகு முழுசா திறங்க.

உங்க ஜெனரேட்டர் மாடலையும், ஃபர்னஸ் பிளக்ல ஓடுதா நேரா ஒயர்ல ஓடுதாங்கிறதையும் கமெண்ட்ல எழுதுங்க. நியூட்ரல் எர்த்தோட சேர்ந்த மாடலா இல்லையான்னு பார்த்து பதில் போடறேன்.