சுவரொட்டிக்குள் ஒரு சல்லடை

(தாராவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மட்டன் கடையில் சுவரொட்டி கேட்டு வாங்காத வீடு இந்தத் தெருவில் குறைவு. பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறட்டும் என்று தணலில் சுட்டுக் கொடுப்போம். என் ஆச்சி அதை அரிவாள்மனையில் நறுக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வெட்டிய முகம் கருஞ்சிவப்பாக இருக்கும். அதில் நொய்யரிசி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் மால்பிகி அந்தப் புள்ளிகளைப் பார்த்து எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம்.

ஆட்டுக்குச் சுவரொட்டி, நமக்கு மண்ணீரல். இடது விலாவுக்கு அடியில், கைம்முட்டி அளவில், சுமார் 150 கிராம் இருக்கும். நான் நோய்க்குறியியல் மருத்துவர். அதன் ஸ்லைடை வைத்தால் ரோஸ் நிறத் தரையில் ஊதா வட்டங்கள் தெரியும். ஊதாவாகத் தெரிவது வெண்கூழ். ஆச்சி நறுக்கும்போது பார்த்த அதே புள்ளிகள். நடுவில் சின்னத் தமனி, அதைப் போர்த்தினாற்போல் டி செல்கள், ஒட்டியே பி செல்களின் உருண்டைகள், அவற்றைச் சுற்றி விளிம்பு மண்டலம். டி, பி இரண்டுமே கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள். கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் நிணநீரை வடிகட்டுகின்றன. மண்ணீரல் ரத்தத்தையே வடிகட்டுகிறது.

ரோஸ் நிறத் தரைதான் செங்கூழ். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது. மற்ற உறுப்புகளில் ரத்தம் குழாயை விட்டு இறங்காது. இங்கே ஒரு பகுதி ரத்தம் திறந்த வாய் வழியாக வெளியே கொட்டிவிடும். கொட்டிய இடத்தில் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் காத்திருக்கும். மறுபடி குழாய்க்குள் ஏற வேண்டுமானால் ஓர் இடுக்கில் நுழைந்தாக வேண்டும். சுவர் செல்கள் பீப்பாய்ப் பலகைகள்போல் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு ஏறத்தாழ 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணுவோ 7, 8 மைக்ரான் அகலம். இளசாக இருந்தால் நெளிந்து நுழைந்துவிடும். 120 நாள் ஓடித் தேய்ந்து விறைத்தது மாட்டிக்கொள்ளும். மேக்ரோபேஜ் அதை விழுங்கி, இரும்பைப் பிரித்து உடம்புக்கே திருப்பிக் கொடுக்கும். சுவரொட்டியில் இரும்புச்சத்து சேர்ந்த வழி இதுதான். ஆச்சி சொன்னதில் தப்பில்லை.

மழைக்காலம் வந்தால் மலேரியாவுக்கு இந்த ஊரில் யாரும் அந்நியரில்லை. கிருமி புகுந்த சிவப்பணு விறைத்துவிடும், இடுக்கில் சிக்கும். சில நேரம் வேப்பம்பழத்தை நசுக்கினால் கொட்டை பிதுங்குவதுபோல் கிருமி மட்டும் வெளியே வந்துவிடும், செல் பிழைத்துப் போகும். இந்த வேலை மிகுந்துதான் மலேரியாவில் மண்ணீரல் வீங்குகிறது. எத்தனை பிள்ளைகளுக்கு விலாவுக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணியே ஒரு காலத்தில் ஊரின் மலேரியாவை அளந்தார்கள்.

இனி என் வீட்டுக் கதை. என் அண்ணன் லோக்கல் ரயிலில் இருந்து விழுந்தார். மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் ரத்தம். அறுவை செய்து எடுத்தார்கள், உயிர் பிழைத்தார். டிஸ்சார்ஜ் கார்டில் அந்த ஒரு வரிதான் இருந்தது. இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி குளிர்க்காய்ச்சல். மழைக் காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுப் படுத்தார். விடிவதற்குள் நினைவு தப்பியது. நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. பிழைத்துக்கொண்டார், இரண்டு கால்விரல்கள் போயின.

அந்தக் கிருமி சர்க்கரைப் பொருளால் ஆன உறை போர்த்தியது, சாதாரணமாக மேக்ரோபேஜ் பிடிக்கு வழுக்கும். விளிம்பு மண்டலத்து பி செல்கள்தான் அதற்கு எதிர்ப்பொருளைச் சட்டென்று தயாரிக்கும். அந்த இடமே இல்லாதவரிடம் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். 1952-லேயே அமெரிக்காவில் கிங், ஷுமேக்கர் என்னும் இரண்டு மருத்துவர்கள் மண்ணீரல் எடுத்த 5 குழந்தைகளின் கதையாக இதை எழுதிவிட்டார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விபத்தோ, தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயோ, எதற்காக எடுத்திருந்தாலும் நிமோகாக்கஸ், மெனிஞ்ஜோகாக்கஸ், ஹிப் என்னும் மூன்று கிருமிகளுக்கும் தடுப்பூசிகள் போட்டாக வேண்டும். திட்டமிட்ட அறுவை என்றால் 2 வாரம் முன்பே போடுவது நல்லது. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போய், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று முதலில் சொல்லுங்கள்.

மைக்ராஸ்கோப்பை இந்த மேசையில் வைத்திருக்கிறேன், இடுக்கை நீங்களே வந்து பாருங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றில் நீளத் தழும்பு இருந்து, எதை எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால், பழைய கார்டைக் கொண்டு வாருங்கள். நான் 9 மணி வரை இங்கேதான் இருப்பேன்.