மாத்திரையை நிறுத்தும் முன்

பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

1945 ஏப்ரல் 12. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியிலேயே சாய்ந்தார். அப்போது அவருக்கு பி.பி. 300-க்கு 190. மூளைக்குள் ரத்தக்கசிவு, சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது. ஓராண்டு முன்பே 186-க்கு 108 இருந்தது அவருடைய டாக்டர்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதைக் குறைக்க நல்ல மாத்திரை அன்று உலகில் எங்குமே கிடையாது. வயதானால் பி.பி. ஏறத்தான் செய்யும் என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது.

1948-இல் அதே நாட்டில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதித்தபடி ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்களிடம் முன்பே என்ன இருந்தது என்று பார்த்தார்கள். பி.பி., கொலஸ்ட்ரால், சிகரெட், சர்க்கரை என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. 2004-இல் 52 நாடுகளில் செய்த ஆய்வு ஒன்று, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பதே காரணங்களுக்குள் அடக்கிக் காட்டியது. தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் குறைவது, உடலுழைப்பு இல்லாதது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 வருடம் முன்னதாகவே வருகிறது என்பதும் அந்த ஆய்வில்தான் தெரிந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நமக்குச் சரிப்படாது.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்படியும், "நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன் டாக்டர்" என்று ஒருவர் வந்து சொல்லும்போது எனக்கு மனசு பதறுகிறது. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான் ஐயா! நிறுத்தினால் பி.பி. மறுபடி ஏறும். ஏறுவது உங்களுக்குத் தெரியாது. தலை வலிக்காது, கிறுகிறுக்காது. குறைக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்பதை டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். குழம்பில் குறைத்துவிட்டேன் என்கிறீர்கள், சந்தோஷம். தட்டின் ஓரத்தில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இருக்கிறதே, அம்மா? அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

பீடி, சிகரெட் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. விட்ட ஒரே வருடத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் வைத்தியம் என்னிடம் வேறு இல்லை.

கடைசியாக ஒன்று. நெஞ்சு நடுவில் பாரம் வைத்தாற்போல அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவி, குப்பென்று வியர்த்தால், வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும்கூட வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ, அவ்வளவு இதயத் தசை பிழைக்கும்.

பந்தலுக்குப் பின்னால் நர்ஸ் அம்மா பி.பி. மெஷினோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வயது தாண்டிய எல்லோரும் அளந்துவிட்டுப் போங்கள். வீட்டில் அவரை விட்டுவிட்டு வந்த அம்மாக்கள், அவரையும் கூப்பிட்டு வாருங்கள். இருட்டும் வரை நாங்கள் இங்கேதான் இருப்போம்.