சூறாவளியின் திசையை மேல்வானில் வாசித்தல்

மட்டக்களப்பில் இன்று கூடியிருக்கும் பெரியோர்களே, கடற்றொழிலாளர்களே, விவசாயிகளே, மாணவச் செல்வங்களே,

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு இக்கரையைத் தாக்கிய சூறாவளியை அனுபவித்த பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். அது தீவைக் குறுக்கறுத்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, மறுநாள் இராமநாதபுரக் கரையையும் தாக்கியது. ஒரு சூறாவளி வடக்கே திரும்பிவிடாமல் இப்படி மேற்கு நோக்கி வருவது ஏன் என்பதற்கான விடையை, கடல்மட்டத்துக்கு மேலே ஐந்தாறு கிலோமீற்றர் உயரத்தில் தேட வேண்டும்.

அந்த உயரத்தில் வங்கக் கடலுக்கு மேலே உயரமுக்க முகடு ஒன்று, அதாவது காற்றமுக்கம் கூடிய நீண்ட பட்டை ஒன்று, கிழக்கு மேற்காக நீண்டிருக்கும்போது, அதைச் சுற்றும் காற்று வலஞ்சுழியாக இருப்பதால் முகட்டின் தென்புறத்தில் கீழைக்காற்று நிலைபெறுகிறது; அதற்குள் அகப்பட்ட சூறாவளி ஆற்றோடு போகும் கட்டையைப் போல மேற்கு நோக்கி இழுபட்டு வரும். வடஇந்தியாவைக் கடந்து வரும் தாழமுக்க அகடு, அதாவது அமுக்கம் குறைந்த நீண்ட பட்டை, ஒன்று அந்த முகட்டைப் பிளந்துவிட்டால், சூறாவளி அந்த இடைவெளியால் வடக்கே ஏறி, வங்காளதேசத்தையோ மியன்மாரையோ நோக்கி வளைந்துவிடும். ஆகவே முகட்டின் மேற்கு விளிம்பு எங்கே முடிகிறது என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இதை 500 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தில் காட்டுகின்றன; ஹெக்டோபாஸ்கல் என்பது காற்றமுக்கத்தின் அலகு. அதில் 588 என்று குறித்த கோடு, அந்த அமுக்கம் 5,880 மீற்றர் உயரத்தில் இருப்பதைச் சொல்கிறது. நமது அகலக்கோட்டில் இந்த உயரம் இடத்துக்கு இடம் அதிகம் வேறுபடாததால், கோடுகளைவிடக் காற்றின் ஓட்டத்தைக் காட்டும் வரைபடத்தையே நான் நம்புவேன். வலுவற்ற தாழமுக்கம் கீழ்மட்டக் காற்றோடு நகரும். வலுத்த சூறாவளியை மேல்மட்டம் வரையான காற்று முழுவதும் சேர்ந்து நகர்த்தும். மாதிரி அதன் வலிமையைத் தவறாகக் கணித்தால் பாதையும் தவறிவிடுவது இதனாலேயே.

கடலின் வெப்பம் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது கார்த்திகை மாதத்தில் இங்கே பெரும்பாலும் நிறைவேறிவிடும் நிபந்தனை. கவனிக்க வேண்டியது 850, 200 ஹெக்டோபாஸ்கல் மட்டங்களுக்கிடையில், அதாவது ஏறத்தாழ ஒன்றரை, பன்னிரண்டு கிலோமீற்றர் உயரங்களுக்கிடையில், காற்றின் வேகத்திலும் திசையிலும் உள்ள வேறுபாடு. அந்த 200 மட்டத்திலுள்ள முகட்டின் அச்சு சூறாவளிக்கு நேர்மேலே அமைந்தால் அந்த வேறுபாடு குறைந்து, மேலெழுந்த காற்று தடையின்றி வெளியே பரவி, சூறாவளி வலுப்பெறும்.

பத்து நாட்களுக்கு அப்பாலான ஒற்றைப் படத்தை வைத்து ஊரைக் கலங்கடிப்பதை என்னால் ஏற்க முடியாது. ஐரோப்பிய மாதிரி, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றின் பாதைகள் விசிறிபோல் விரிந்திருக்கும்வரை முகட்டின் விளிம்பு தீர்மானமாகவில்லை என்றே கொள்ள வேண்டும். வரைபடத்தில் 00 என்று குறித்திருப்பது உலகப் பொது நேரம் (UTC), அது நமது நேரப்படி காலை 5.30 மணி என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்திருங்கள்.

2024 நவம்பரில், பின்னர் ஃபெங்கால் சூறாவளியாக மாறிய தாழமுக்கம் கரையேறாமல் நமது கடலோரமாகவே மெதுவாக வடக்கே நகர்ந்தது. அப்படியிருந்தும் அம்பாறையின் வயல்களும் வீதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. எனவே பாதைக்கோட்டோடு நின்றுவிடாமல், திரட்டிய மழைவீழ்ச்சி வரைபடத்தையும் திறந்து, கல்லோயா ஆற்றின் மேல்நீரேந்துப் பகுதியில் எவ்வளவு மழை காட்டப்படுகிறது என்று பாருங்கள்.