தப்பு யார் மேல்?

அவையோருக்கு வணக்கம். ரோமானியச் சட்டம் என்றதும் பேரரசர்களின் ஆணைகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு அதில் பிடித்தது சட்ட அறிஞர்களின் வாக்குவாதம். ஒரு வழக்கைப் பாருங்கள்.

ஒருவர் நாற்காலி போட்டு ஓர் அடிமைக்குச் சவரம் செய்கிறார். பக்கத்தில் சிலர் பந்து விளையாடுகிறார்கள். ஓங்கி அடித்த பந்து சவரக்காரரின் கையில் பட, கத்தி அடிமையின் கழுத்தை அறுத்துவிடுகிறது. நட்டஈடு யார் கொடுப்பது? சவரக்காரர்தான் என்றார் புரோக்குலஸ் என்ற சட்ட அறிஞர். விளையாட்டு நடக்கிற இடத்தில், ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் கத்தியைப் பிடித்தால் அவர் மேலும் தப்பு உண்டுதானே? அப்புறம் இன்னொரு வாதம்: ஆபத்தான இடம் என்று தெரிந்தும் போய்க் கழுத்தை நீட்டியவர் தன்னையே நொந்துகொள்ளட்டும்! இதையெல்லாம் உல்பியன் என்ற இன்னொரு சட்ட அறிஞர் எழுதிவைத்தார். சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் திரட்டி, 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட 50 புத்தகங்கள் கொண்ட 'டைஜஸ்ட்' தொகுப்பில் அது இடம்பிடித்தது.

வழக்குக்கு அடிப்படை, கிமு 3ஆம் நூற்றாண்டின் அக்விலியச் சட்டம். அடுத்தவருடைய அடிமையையோ மாட்டையோ அநியாயமாகக் கொன்றால், முந்தைய ஓராண்டில் அதற்கிருந்த உச்ச விலையைக் கொடுக்க வேண்டும். அடிமையும் மாடும் ஒரே வரியில்! இதை மறைத்துவிட்டு ரோமைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. சுதந்திர மனிதனின் உடலுக்கோ விலையே கிடையாது என்றார்கள். கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தவரின் குடும்பத்துக்கு அதனால் என்ன கிடைக்கும்?

அந்தக் குறையை ஹாலந்து சரிசெய்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் போலோன்யாவில் டைஜஸ்ட்டைப் பாடமாகப் படிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து அது ஐரோப்பா எங்கும் பரவியது. ஹாலந்தில் அது உள்ளூர்ச் சட்டத்தோடு கலந்து ரோமன் டச்சுச் சட்டம் ஆனது. அங்கே சிறையிலிருந்த சட்ட அறிஞர் குரோஷியஸ் தம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினாரே, அவரேதான். 1631இல் அச்சான அந்நூலில், கொன்றவர் இறந்தவரை நம்பியிருந்த மனைவி மக்களுக்கு ஈடு தர வேண்டும் என்றார்.

1809இல் நெப்போலியன் காலத்துச் சட்டக்கோவை வந்ததும் ஹாலந்து இந்தப் பழைய சட்டத்தைக் கைவிட்டது. இலங்கையிலோ, டச்சுக்காரர்கள் விட்டுச்சென்றதை ஆங்கிலேயர் 1799 பிரகடனத்தால் தொடர விட்டார்கள். இன்றும் அங்கே உழைத்துப்போடுபவர் பிறர் கவனக்குறைவால் விபத்தில் இறந்தால், இழந்த பராமரிப்புக்காக மனைவியும் பிள்ளைகளும் வழக்குப் போடுவது அந்த ரோமன் டச்சுச் சட்டத்தின்படிதான்.