தப்புச் சத்தம் தெரிந்தவர்களுக்கு லெஜண்ட்ஸ்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, இந்த ஹட்டன் குளிரில் சுவெட்டரையும் சால்வையையும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்திருக்கும் அம்மாமாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"மனதில் நிற்பது ரேமன் ஒரிஜின்ஸா, ரேமன் லெஜண்ட்ஸா?" இதுதான் தலைப்பு. லெஜண்ட்ஸ்தான் என்று பேச வந்திருக்கிறேன். பெரியவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. ரேமன் என்பது கணினியிலும் தொலைக்காட்சியிலும் விளையாடுகிற ஓடித் தாண்டும் ஆட்டம். திரையின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வரை ஓட வேண்டும், குதிக்க வேண்டும், தொங்க வேண்டும், வழியில் வருகிறவனை அறைய வேண்டும். நாயகன் ரேமனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. உள்ளங்கையும் பாதமும் மட்டும் உடம்போடு ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். பிரான்ஸ் நாட்டு மிஷெல் ஆன்செல் உருவாக்கிய இந்தப் பாத்திரம் 1995இல் முதல் தடவை வந்தது. நாம் இன்று பேசும் இரண்டு ஆட்டங்களும் யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் மொம்பெலியே கலைக்கூடத்தில் பிறந்தவை. ஒரிஜின்ஸ் 2011இலும் லெஜண்ட்ஸ் 2013இலும் வெளிவந்தன.

எதிரணி அண்ணன் மூன்று குற்றம் சாட்டிவிட்டுப் போனார். ஒரிஜின்ஸ் போட்ட பாதையில்தான் லெஜண்ட்ஸ் நடந்தது, அதற்கென்று சொந்தமாக ஒன்றுமில்லை என்றார். "தங்கச்சி, லெஜண்ட்ஸ் சின்னப் பிள்ளைகளுக்கான லேசான ஆட்டம்" என்றார். மர்ஃபி என்கிற பச்சைப் பூச்சி இடையில் வந்து ஓட்டத்தைக் கெடுக்கிறது என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் தொடாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். லெஜண்ட்ஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆட்டம் பல உலகங்களாகவும், ஒவ்வொரு உலகமும் பல கட்டங்களாகவும் பிரிந்திருக்கும். லெஜண்ட்ஸில் பாட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு உலகத்தையும் முடிக்கும் இடத்தில் ஒன்று வரும். முதலாவதன் பெயர் காசில் ராக். ரேமன் ஓடத் தொடங்குவான், பின்னால் கோட்டை இடிந்து விழத் தொடங்கும், பாட்டும் தொடங்கும். ஓடும் வேகத்தையும் பாட்டின் வேகத்தையும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் குதிக்க வேண்டிய இடத்தில் தாளம் விழும். எதிரியை அறைந்தால் அந்த அறையே டிரம் அடியாகக் கேட்கும். கயிற்றில் வழுக்கி இறங்கினால் கிட்டார் இழுக்கும். ஒரு அடி பிந்தினால் கீழே விழுவீர்கள், ஆனால் விழுவதற்கு முன்பே உங்கள் காது சொல்லிவிடும், "பிந்திட்டாய்" என்று. ஒரிஜின்ஸில் அருமையான இசை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இரண்டுக்கும் இசையில் முக்கியமான கை கிறிஸ்தோஃப் எராலுடையது. ஆனால் ஒரிஜின்ஸில் இசை பக்கத்தில் நடந்து வரும். லெஜண்ட்ஸின் இந்தக் கட்டங்களில் இசைதான் தரை. அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மதனும் ரதியும் அடி எடுத்து வைப்பது கண்ணால் பார்த்தா? தப்பு என்கிற பறையின் சத்தம் கேட்டுத்தானே! சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த காது நம் காது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் தப்புதான் என்று எங்கள் அப்பாயி சொல்லுவார். அடி மாறினால் செய்தி மாறும். காசில் ராக்கை முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது ஒரு வீடியோ கேம் என்றே தோன்றவில்லை. அடவு என்றுதான் தோன்றியது.

இனி அண்ணனுடைய குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

சொந்தமாக ஒன்றுமில்லை என்றார். ஒரிஜின்ஸ் செய்த பெரிய வேலையை நான் கும்பிட்டு ஒத்துக்கொள்கிறேன். ஓவியர் கையால் வரைந்ததை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவரும் யூபிஆர்ட் என்ற கருவியை வைத்து முதலில் வந்தது ஒரிஜின்ஸ்தான். காட்டில் ஒரு இலை அசைந்தால் அது வரைந்த இலை என்று தெரியும். ஆனால் வழி போட்டவனை மறந்துவிட்டு நடந்தவன் மீதுதானே குற்றம் சொல்லலாம். லெஜண்ட்ஸ் மறக்கவில்லையே! ஒரிஜின்ஸின் 40 கட்டங்களைத் திருத்தி மெருகேற்றித் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எப்படித் திறக்கும் தெரியுமா? நம் பஸ் ஸ்டாண்டில் லொத்தர் விற்கிறார்களே, அதுபோல ஒரு சுரண்டல் சீட்டு கிடைக்கும். சில சீட்டைச் சுரண்டினால் உள்ளே இருந்து பழைய கட்டம் ஒன்று வெளியே வரும். எங்கள் வீட்டுத் தம்பி அந்தச் சீட்டைச் சுரண்டும்போது முழங்கால் மடித்து உட்கார்ந்துகொள்வான், நிஜச் சீட்டைச் சுரண்டுகிற மாதிரி. நடுவர் அவர்களே, ஒரிஜின்ஸ் வேண்டும் என்று கேட்கிறவருக்கு அதில் ஒரு பெரிய பங்கு லெஜண்ட்ஸுக்குள்ளேயே கிடைக்கிறது. லெஜண்ட்ஸ் வேண்டும் என்று கேட்கிறவருக்கு ஒரிஜின்ஸ் எதைக் கொடுக்கும்?

சொந்தமானதும் நிறைய உண்டு. கடலுக்கு அடியில் ஓர் உலகம். அங்கே காவல் விளக்குகள் சுற்றும். வெளிச்சம் மேலே பட்டால் முடிந்தது கதை. அதுவரை ஓடு ஓடு என்று ஓடவிட்ட ஆட்டம் திடீரென்று மூச்சை அடக்கிப் பதுங்கச் சொல்லும். நிழலில் ஒட்டிக்கொண்டு வெளிச்சம் தாண்டிப் போகும்வரை நிற்கிற அந்த இரண்டு விநாடியில் அறையில் இருக்கிறவர்களும் சேர்ந்து பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். ஒரிஜின்ஸில் நீங்கள் எடுத்து ஆடக்கூடியவர்கள் ரேமன், அவன் நண்பன் குளோபாக்ஸ், டீன்சிகள் என்கிற குள்ளப் பாத்திரங்கள். பெண் ஒருத்தியும் இல்லை. பெண்கள் கூண்டில் இருப்பார்கள், நாம் போய் மீட்போம். லெஜண்ட்ஸில் பார்பரா வந்தாள். கோடரி வைத்திருக்கும் இளவரசி. அவளையும் நாம்தான் மீட்கிறோம், சரி. ஆனால் மீட்ட பிறகு அவள் நன்றி சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகவில்லை. அடுத்த கட்டத்தில் அவளே ஓடுகிறாள். அவளுக்குப் பின்னால் அவள் சகோதரிகளும் ஒருத்தி ஒருத்தியாக வருகிறார்கள். எங்கள் லயத்து வீடுகளில் ஜாய்ஸ்டிக் என்றாலே பையன்கள் கைக்குத்தான் போகும். பார்பரா வந்த அன்று என் சித்தி மகள், ஒன்பது வயது, "இது நான்" என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ்டிக்கை இழுத்து எடுத்தாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இன்றுவரை அது அவளுடையது.

அடுத்தது லேசான ஆட்டம் என்ற பேச்சு. முடிப்பது லேசு. அதை நான் குறையாக எடுக்கவில்லை. விழுந்தால் உடனே எழும்பலாம், பழைய இடத்தில் இருந்து அடுத்த நொடியே ஓடலாம். விழுந்த பிள்ளையைத் திட்டாத வாத்தியார் மாதிரி. ஆனால் முழுசாக முடிப்பது லேசா? மீட்க வேண்டிய டீன்சிகள் 700 பேர். இன்வேஷன் என்று ஒரு கட்டம் வரும். மூன்று டீன்சிகளை ராக்கெட்டில் கட்டி வைத்திருப்பார்கள். 40 விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் மூவரும் பிழைப்பார்கள். 50க்குள் போனால் இருவர், 60க்குள் ஒருவர். அண்ணன் தயவுசெய்து இன்று வீட்டுக்குப் போய் ஒரு இன்வேஷனில் மூன்று பேரையும் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு லேசு என்று சொல்லட்டும். லெஜண்ட்ஸ் வாசலை அகலமாக வைத்தது. உள்ளே போகப் போகத்தான் ஏற்றம். நம் மலைப் பாதையும் அப்படித்தானே.

மூன்றாவது, மர்ஃபி. இதில் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. லெஜண்ட்ஸை முதலில் நிண்டெண்டோவின் வீ யூ என்ற விளையாட்டுக் கருவிக்காகவே செய்தார்கள். அந்தக் கருவியின் கைப்பிடியில் ஒரு தொடுதிரை இருக்கும். ஒருவர் விரலால் தொட்டு மர்ஃபியை நடத்தலாம். கயிற்றை அறுக்கலாம், பலகையை நகர்த்தலாம், ஓடுகிறவருக்கு வழி செய்து கொடுக்கலாம். 2013 பெப்ரவரி கடைசியில் வர வேண்டிய ஆட்டம். வருவதற்குச் சில வாரம் இருக்கும்போது, மற்றக் கருவிகளுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். அப்படித் தள்ளிப்போட்டதால்தான் வீ யூ இல்லாத வீடுகளுக்கும் இது வந்தது. கணினியில் தொடுதிரை இல்லை, ஒரு பட்டனை அமுக்கினால் மர்ஃபி வேலை செய்யும். தனியாக ஆடுகிறவருக்கு ஓடவும் வேண்டும், பட்டனும் அமுக்க வேண்டும். சிரமம்தான். அந்தப் பாதியை நான் கொடுத்துவிடுகிறேன்.

மற்றப் பாதியை எங்கள் லயத்து அறையில், எங்கள் காம்பராவில் வந்து பாருங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் சொந்த அண்ணன் பழைய கணினி ஒன்றைப் போன வருஷம் தீபாவளிக்குக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். மலையில் இருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பிளேன்டீயோடு எங்கள் பின்னால் உட்காருவார். ஆட்டம் தெரியாது. குதிக்கச் சொன்னால் "எனக்கு வேணாம்" என்பார். ஒரு நாள் தம்பி, "அம்மா, இந்த ஒரு பட்டன் மட்டும் நீங்க அமுக்குங்க" என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினான். மர்ஃபியின் பட்டன். நடுவர் அவர்களே, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் கொழுந்து கிள்ளுகிற விரல் அது. எந்தக் கொழுந்தை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று ஒரு நொடியில் தீர்மானிக்கிற விரல். தம்பி குதிக்கும் அந்த நேரத்துக்குக் கயிறு அறும், அவன் இறங்கும் நேரத்துக்குப் பலகை வந்து நிற்கும். மூன்றாம் தடவை அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். "ரோட்டப் பாத்து ஓடு" என்றார் அம்மா.

ஓட்டத்தைக் கெடுக்கிற மர்ஃபி என்றார் அண்ணன். எங்கள் வீட்டில் மர்ஃபிதான் அம்மாவுக்கு உட்கார இடம் கொடுத்தது.

ஒரிஜின்ஸிலும் நான்கு பேர் ஆடலாம். செத்தவர் குமிழியாக மிதந்து வருவார், மற்றவர் தட்டினால் உயிர் வரும். அந்த அழகான எண்ணம் ஒரிஜின்ஸிலேயே இருக்கிறது, அதை என் அணிக் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அந்த நான்கு பேரும் குதிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். குதிக்கத் தெரியாதவருக்கும் ஒரு வேலை வைத்தது லெஜண்ட்ஸ்தான்.

நேரம் முடிகிறது என்று மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு கட்டம், அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆட்டத்தின் கடைசியில் லிவிங் டெட் பார்ட்டி என்று ஓர் உலகம் திறக்கும். முன்பு ஓடிய அதே பாட்டுக் கட்டங்கள் அங்கே மீண்டும் வரும், பழைய காலத்து எட்டு பிட் கீச்சுச் சத்தத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் கெடும். கட்டம் கட்டமாக உடையும், தலைகீழாகும், மழைக்காலத்தில் அன்டெனா திரும்பிய டிவி மாதிரி புள்ளி புள்ளியாக இரையும். பள்ளம் எங்கே, எதிரி எங்கே, ஒன்றும் தெரியாது. கண்ணை எடுத்துக்கொண்டு காதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

தம்பி அதில் நான்கு நாள் மாட்டிக்கொண்டான். ஐந்தாம் நாள் மாமா வந்திருந்தார். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர் அவர். வாழ்நாளில் ஒரு பட்டன் அமுக்கியதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தம்பி விழுவதை இரண்டு தடவை கேட்டார். பார்த்தார் என்று சொல்லவில்லை, கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் விரலால் தட்டத் தொடங்கினார். "திரையப் பாக்காதடா, என் கையக் கேளு" என்றார். படம் உடைந்தது, இரைந்தது. மாமா "இப்ப" என்றார், தம்பி குதித்தான். "இப்ப. இப்ப. பொறு... இப்ப." கடைசிப் பாய்ச்சல் முடிந்து பாட்டு நின்ற பிறகும் மாமாவின் விரல் இன்னும் நாலு அடி தட்டிவிட்டுத்தான் நின்றது.

வணக்கம்.